முள்முருக்கு நகரத்தில் அண்ணை

ஷெல் வருகிறது. முதலில் பலாலி ஆமிக் காம்ப் பக்கம் ஒரு 'டும்'. தூரத்தில் யாரோ கதவை அடித்துச் சாத்துவது போல. பிறகு சத்தமே இல்லை. பிறகு தலைக்கு மேலே துணி கிழிகிறது. அந்தக் கிழிகிற சத்தம் கேட்டால் பயமில்லை. அது நம்மைத் தாண்டிப் போகிறது. நமக்கு வருகிற ஷெல்லின் சத்தம் நமக்குக் கேட்காது.

"படு! படு! மண்ணில படு!"

கத்துவது அண்ணை. நாங்கள் படுக்கிறோம். எழும்புகிறோம். ஓடுகிறோம்.

1990. ஆனி மாதம். மயிலிட்டி. காலை நேரம். நாலு பேர் ஓடுகிறோம். அம்மா. தங்கச்சி வதனி. அண்ணை. நான். எங்கள் தகப்பன், ஐயா, போருக்கு முன்னமே நோயில் போய்விட்டார். அண்ணைக்கு இருபத்து நாலு வயது. எனக்குப் பதினெட்டு. வதனிக்குப் பதினொன்று.

அம்மாவின் கையில் மீன்குழம்புச் சட்டி. இறக்கி அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. சூடு. சேலைத் தலைப்பால் பிடித்திருக்கிறார்.

"சட்டியைப் போடணை அம்மா! போட்டிட்டு ஓடணை!"

"எல்லாரும் வெறும் வயிறடா."

அம்மா போடவில்லை. கிழிகிற சத்தம் மூன்று முறை கேட்டது. நாலாவது கேட்கவில்லை.

கண் திறந்தபோது காது அடைத்திருந்தது. ஒரே கூவல். புழுதி இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணை வாயைத் திறந்து மூடுகிறார். என்ன சொல்கிறார் என்று விளங்கவில்லை. அவருடைய வலது தோளில் சேட்டு கறுப்பாக நனைந்திருந்தது. அம்மாவும் வதனியும் ஒரே இடத்தில் கிடந்தார்கள். மண்ணில் குழம்பு கொட்டியிருந்தது.

எரிக்க நேரமில்லை. கடற்கரை மணலில் தாட்டோம். அண்ணை ஒரு கையால் மண் தள்ளினார். பிறகு மறுபடியும் ஓடினோம்.

பிள்ளைகள், இதை நான் உங்களுக்கு எழுதுகிறேன். ஆரணி, கவின், உங்கள் இரண்டு பேருக்கும். உங்களோடு லண்டன் ரெய்னர்ஸ் லேன் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் படித்த, படிக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும். நான் ஓ.எல். பரீட்சை வரைக்கும்தான் படித்தவன். பிழை இருந்தால் டீச்சர் திருத்தட்டும். ஆனால் வெட்ட வேண்டாம்.

எழுதக் காரணம் இதுதான். போன வருசம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஒரு வேலை செய்யச் சொன்னார்கள். போரில் உங்கள் வீட்டில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். கவின் குசினிக்குள் வந்து கேட்டான். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு. இல்லாட்டி மூண்டு" என்றேன்.

"அப்பா, அது ஆன்ஸர் இல்லை. ரெண்டா, மூண்டா?"

எனக்குத் தெரியாது. அந்த மூன்றாவது ஆள் அண்ணை. அவர் இறந்ததை நான் காணவில்லை. அவர் காணாமல் போனது எங்கள் ஊரிலும் இல்லை. சீனாவில், ஒரு துறைமுக நகரத்தின் கரையில். ஆகவே அந்த நகரத்தைப் பற்றிச் சொல்லாமல் எனக்கு அண்ணையைப் பற்றிச் சொல்ல ஏலாது.

அதன் பெயர் சுவான்சோ.

1997. ஐப்பசி. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் கொழும்பு. அங்கிருந்து ஏஜென்சிக்காரன் எங்களைத் தாய்லாந்துக்கு எடுத்தான். தாய்லாந்தில் ஒரு சரக்குக் கப்பல். சீனாவில் இறங்கினால் அங்கே வேறு பாஸ்போர்ட் கிடைக்கும், பிறகு லண்டன் என்றான். கப்பலின் அடித்தட்டில் இருந்தோம். பெரும்பாலும் எங்கள் ஆட்கள். எஞ்சின் சத்தம் இரவு பகல் நிற்கவில்லை. டக்-டக்-டக். இப்போதும் உடுப்புத் தோய்க்கிற மெசின் கடைசியில் வேகமாகச் சுற்றும்போது நான் அறையை விட்டு வெளியே போய்விடுவேன். உங்களுக்குத் தெரியும். காரணம் இப்போது தெரியட்டும்.

அண்ணை காற்சட்டைக்குள்ளே கட்டம் போட்ட சாரம், லுங்கிதான், உடுத்திருந்தார். மயிலிட்டியில் கடலுக்குப் போகிறவர்கள் சாரம் இல்லாமல் வள்ளத்தில் கால் வைக்கமாட்டார்கள். மடித்து, சுருட்டி, இடுப்பில் ஒரு முடிச்சு. அந்த முடிச்சைத் தண்ணீருக்குள்ளும் ஒரே இழுவையில் அவிழ்க்கலாம். துவாயும் அதுதான், போர்வையும் அதுதான், பாயும் அதுதான். கப்பலில் எல்லோரும் அவரைப் பகிடி பண்ணினார்கள்.

"என்ன அண்ணை, லண்டனிலயும் சாரத்தோடயே திரியப்போறியள்?"

"லண்டன் குளிரடா தம்பி. இப்பவே ரெண்டு உடுப்புப் போட்டுப் பழகிறன்."

சிரித்தோம். அந்தக் கப்பலில் சிரித்ததாக எனக்கு நினைவிருக்கிற ஒரே தடவை அது.

விடிகிற நேரம். எங்களைக் கப்பலிலிருந்து ஒரு சின்ன வள்ளத்துக்கு மாற்றினார்கள். வள்ளம் பாரம் தாங்கவில்லை. கரை தெரிகிறது. சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. இடப்பக்கம் ஒரு ரோந்துப் படகு வருகிறது. அதன் ஒலிபெருக்கியில் யாரோ பேசுகிறார்கள். வள்ளக்காரன் திருப்பினான். அலை பக்கவாட்டில் அடித்தது.

"பாயுங்கோ! எல்லாரும் பாயுங்கோ!"

கத்தியது அண்ணைதான். அந்தக் குரல் எனக்குத் தெரியும். பிறகு தண்ணீர்.

அண்ணை மயிலிட்டியில் நல்ல நீச்சல்காரர். கரை சேர்ந்து மணலில் கிடந்தபோது நான் அதைத்தான் நினைத்தேன். அவருக்கு நீந்தத் தெரியும், வந்துவிடுவார். மற்றது பிறகுதான் நினைவு வந்தது. மயிலிட்டி ஷெல் துண்டு அவருடைய வலது தோளுக்குள்ளே இருந்தது. டொக்டர் எடுக்கவில்லை. எடுத்தால் கை போய்விடும் என்றார். அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பாது. சாமி கும்பிடும்போது இடது கையைத்தான் தலைக்கு மேல் தூக்குவார். ஒரு கையால் அந்த அலையில் நீந்த ஏலாது.

அவர் வரவில்லை.

அந்தக் கரையில் நான் ஒரு பிழை விட்டேன். வெளிச்சம் வந்தபோது பெண்கள் நடந்து வந்தார்கள். தோளில் கூடை. கூடையில் சிப்பி. எல்லோருடைய கொண்டையிலும் பூ. ஒன்றிரண்டல்ல. கொண்டையைச் சுற்றிச் சரம் சரமாகப் பூ. நான் நினைத்தேன், ஏஜென்சிக்காரன் ஏமாற்றிவிட்டான், கப்பலைச் சுற்றவிட்டு எங்களைத் தமிழ்நாட்டில் இறக்கிவிட்டான், இது நாகப்பட்டினம் என்று. காலையில் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு கடற்கரையில் வேலை செய்கிற பெண்கள் வேறு எங்கே இருப்பார்கள்?

"அக்கா! அக்கா! எங்கட அண்ணை கடலுக்க!" என்று தமிழில் கத்தினேன்.

ஒருத்தி கூடையை இறக்கினாள். கிட்ட வந்து முகத்தைப் பார்த்தாள். சீனத்தி. ஏதோ சொன்னாள். அதற்குள் எங்களோடு வந்த பெடியன் ஒருவன் என் சேட்டைப் பிடித்து இழுத்தான்.

"ஓடு! பொலிஸ்! ஓடு!"

ஓடினேன்.

அதன்பிறகு நாலைந்து மாதம் ஒரு அறை. நகரத்துக்குள்ளே, ஒரு நூடில்ஸ் கடைக்கு மேலே. ஏஜென்சிக்காரனின் உள்ளூர் ஆள் ஒருவன் சாப்பாடு கொண்டுவருவான். லின் என்று பெயர். இங்கிலீஷில் கொஞ்சச் சொல் தெரியும். ஒவ்வொரு நாளும் நான் கேட்பேன், "பிரதர்?" அவன் தலையை ஆட்டுவான். இல்லை. விசாரிக்கப் போனால் மற்ற எல்லோரும் பிடிபடுவார்கள் என்று கையால் காட்டினான்.

ஜன்னலால் நான் பார்த்த ஊரைச் சொல்கிறேன். மனிதர் மெதுவாக நடக்கிற ஊர். ஓடு போட்ட கூரை. இரண்டு முனையும் மேலே வளைந்திருக்கும், எங்கள் வள்ளத்து முன்முனை, அணியம் மாதிரி. எங்கே பார்த்தாலும் கோயில். ஒரே தெருவில் ஒரு பழைய கல் பள்ளிவாசல், அதற்குப் பக்கத்திலேயே சீனச் சாமி கோயில். ஊதுபத்திப் புகை இதிலிருந்து அதற்குள் போகும். ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. கடலோரக் கிராமங்களில் சிப்பி ஓட்டை அடுக்கிச் சுவர் கட்டியிருக்கிறார்கள். அங்கே ஒரு பழைய பாலம் இருக்கிறது. அதன் அடிக்கல்லில் சிப்பி வளர்த்து, அது ஒட்டிப் பிடிக்க விட்டுத்தான் கல்லைக் கல்லோடு சேர்த்தார்களாம். ஊர் விட்டுப் போகிறவர்களின் ஊர் அது. வீட்டுக்கு ஒருவர் மலாயாவில், பிலிப்பைன்ஸில். லின்னின் பாட்டன் கப்பலேறிப் போனவர், திரும்பவில்லை. அதனால்தானோ என்னவோ, நூடில்ஸ் கடைக்காரி என்னை ஒருநாளும் யார் என்று கேட்கவில்லை. கிண்ணத்தை வைப்பாள். போவாள்.

ஒருநாள் லின் வந்தபோது நான் நெற்றியில் ஊதுபத்திச் சாம்பலைத் திருநீறாகப் பூசியிருந்தேன். சட்டைப்பைக்குள் இருந்த கிருஷ்ணர் படத்தை வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அது அம்மா வைத்திருந்த படம், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்ததால் கடலில் தப்பியது. அவன் படத்தை வாங்கிப் பார்த்தான். "கம், கம்" என்றான்.

தொப்பி போட்டுக் கூட்டிக்கொண்டு போனான். பெரிய புத்த கோயில். அதன் பின்பக்கம் இரண்டு கல் தூண். தூணில் கிருஷ்ணர். எங்கள் கிருஷ்ணர். சீனக் கோயிலில். நான் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. ஒன்றும் வரவில்லை. இது எப்படி இங்கே வந்தது என்று கேட்கவும் எனக்கு மொழி இல்லை.

1998 இல் லண்டன். மிச்சம் உங்களுக்குத் தெரியும். சவுத்தாலில் ஒரு கோழிக்கடை, பிறகு இந்த மீன் கடை, பிறகு உங்கள் அம்மா, பிறகு நீங்கள்.

அண்ணைக்கு நான் அந்தியேட்டிக் கிரியை செய்யவில்லை. திவசமும் இல்லை. நோர்பரியில் இருந்த ஒரு ஆள் சொன்னார், சீனச் சிறையில் பெயர் தெரியாத தமிழர் இருக்கிறார்கள் என்று. இருக்கலாம் அல்லவா? உயிரோடு இருக்கிறவருக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கக் கூடாது. உங்கள் அம்மா ஒருநாள் கேட்டாள்.

"இவ்வளவு வருசமா ஒரு போன் எடுக்காம இருப்பாரே உங்கட அண்ணை?"

"என்ர நம்பர் அவருக்குத் தெரியாதெல்லே" என்றேன்.



கவின் கேட்ட பிறகு என்னால் இருக்க முடியவில்லை. ஆவணியில் ஆரணியைக் கூட்டிக்கொண்டு சுவான்சோவுக்குப் போனேன். இப்போது என்னிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். விமான நிலையத்தில் முத்திரை குத்தி விட்டார்கள். ஒருவரும் ஓடச் சொல்லவில்லை.

ஊர் மாறிவிட்டது. உயரக் கட்டடங்கள். நான் இருந்த நூடில்ஸ் கடையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. தூண்கள் அப்படியே இருந்தன. அங்கே நின்று ஆரணி போனைப் பார்த்து எனக்குப் படித்துச் சொன்னாள். நான் இருபத்தைந்து வருசத்துக்கு மேலாகக் கேட்க முடியாமல் இருந்ததை.

எழுநூறு வருசத்துக்கு முன்னம் இது உலகத்துப் பெரிய துறைமுகங்களில் ஒன்று. ஊர் முழுக்க ஒரு மரம் நட்டிருந்தார்களாம். அந்த மரத்தின் பெயரால்தான் அராபிக்காரர்கூட ஊரை அழைத்தார்கள். படத்தைக் காட்டினாள். முள்முருக்கு. எங்கள் வேலியில் நிற்கிற மரம். கலியாணத்துக்குக் கன்னிக்கால், பந்தலின் முதல் கால், நடுகிற மரம். தமிழ் வியாபாரிகள் இங்கே வந்து தங்கினார்கள். சிவன் கோயில் கட்டினார்கள். தமிழில் கல்வெட்டு வைத்தார்கள். அந்தக் கல் இப்போது பக்கத்து நகரத்தில் இருக்கிறது. பிறகு இங்கே போர் வந்தது. ஏறத்தாழப் பத்து வருசம். படைகள் ஊரைப் பிடித்தன, விட்டன, பிடித்தன. வெளிநாட்டார் பலரைக் கொன்றார்கள். மிச்சப் பேர் கப்பலேறி ஓடினார்கள். சிவன் கோயிலை உடைத்தார்கள். உடைத்த கல்லை நகரத்து மதிலுக்கும் மற்றக் கோயிலுக்கும் போட்டார்கள். துறைமுகம் மண் மூடிப் போயிற்று. கப்பல்கள் வேறு ஊருக்குப் போயின. கிட்டடியில் ஒரு கிராமத்தில் எங்கள் அம்மன் சிலை ஒன்றைத் தங்கள் தெய்வம் என்றே கும்பிடுகிறார்களாம்.

"எங்கட ஆக்கள் எத்தினை பேர் செத்தவை எண்டு போட்டிருக்கே?" என்று கேட்டேன்.

ஆரணி கீழே கீழே தள்ளிப் பார்த்தாள்.

"இல்லையப்பா. நம்பர் ஒண்டும் இல்லை."

அடுத்த நாள், அன்றைக்கு நான் கரை சேர்ந்த கடற்கரைக் கிராமத்துக்குப் போனோம். பெண்கள் இன்னும் பூ வைத்திருந்தார்கள். இப்போது சுற்றுலா வருகிறவர்களுக்கும் காசு வாங்கிக்கொண்டு பூ வைத்து விடுகிறார்கள். ஆரணிக்கும் ஒருத்தி இழுத்து வைத்துவிட்டாள். வைத்துவிட்டவளின் பெயர் ஹுவாங். அறுபத்தைந்து வயது இருக்கும். ஆரணி போனில் சொல்ல, போன் சீனத்தில் சொன்னது. 1997. விடியற்காலை. வள்ளம். மனிதர்.

ஹுவாங் அக்கா பூவை வைத்தபடியே கையை நிறுத்தினார்.

அவருடைய தகப்பன் மீன்பிடிகாரர். அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. கடலில் ஒரு உடல் மிதந்தால் மீன்பிடிகாரன் அதை விட்டுவிட்டு வரக்கூடாது. வலையை விட்டாவது அதை ஏற்ற வேண்டும். ஏற்றும்போது அதனோடு பேச வேண்டும். ஏறு, வீட்டுக்குப் போவோம் என்று. யாரும் தேடி வராவிட்டால் ஊரே புதைக்கும். சில வருசம் கழித்து எலும்பை எடுத்துக் கழுவிச் சாடியில் வைக்கும். அப்படி வைக்கப்பட்டவர்களுக்குப் பேய் என்று சொல்லமாட்டார்கள். நல்ல சகோதரர்கள் என்று சொல்வார்கள்.

அந்த வருசம் அவருடைய தகப்பன் மூன்று உடல்களைக் கொண்டுவந்தார்.

"அதில ஒராள் எப்பிடி இருந்தவர் எண்டு கேள் பிள்ளை."

கறுப்பு மனிதர். காற்சட்டை. போன் இதைச் சொல்லிவிட்டு நின்றது. ஹுவாங் அக்கா எழும்பினார். தன் இடுப்பில் கை வைத்து, சுருட்டி, மடித்து, ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினார். பிறகு பேசினார். போன் சொன்னது: "காற்சட்டைக்குள்ளே கட்டம் போட்ட துணி. என் தகப்பன் அந்த முடிச்சைப் பார்த்து, இவன் நம்மைப் போலக் கடலில் வேலை செய்கிறவன் என்றார். ஒரே இழுவையில் அவிழ்ந்தது."

நான் மணலில் குந்திவிட்டேன்.

ஹுவாங் அக்கா கூட்டிக்கொண்டு போன இடம், கடலோரம் ஒரு சின்னக் கல் வீடு. இரண்டு முழம் உயரக் கதவு. முன்னால் சிவப்புத் துணி. உள்ளே சாடிகள். சிலை இல்லை, பெயர் இல்லை. அது அவர்களுடைய ஏழாம் மாதம். ஆதரவில்லாத ஆவிகளுக்குப் படைக்கிற மாதம். சோறு, மீன், சிகரெட். பக்கத்தில் ஒரு பேசின் தண்ணீர், புதுத் துவாய், சீப்பு. ஏன் துவாய் என்று ஆரணி கேட்டாள். தூரத்திலிருந்து வருகிறவர்கள், முகம் கழுவாமல் எப்படிச் சாப்பிடுவார்கள் என்றார் ஹுவாங் அக்கா. இருபத்தைந்து வருசத்துக்கு மேல். ஒவ்வொரு வருசமும் வைத்திருக்கிறார்கள்.

அண்ணையின் எலும்பு ஏதும் கிடைத்தால் கொண்டுபோகவென்றுதான் நான் வந்திருந்தேன். பைக்குள் ஒரு வெள்ளைத் துணியும் இருந்தது. எந்தச் சாடி என்று கேட்டேன்.

தெரியாது. ஒரு புயலில் பழைய வீடு இடிந்தது. சாடிகள் உடைந்தன. எல்லா எலும்பையும் ஒன்றாக எடுத்துப் புதுச் சாடிகளில் போட்டார்கள்.

தோள் எலும்பில் இரும்பு இருந்ததா என்று கேட்கச் சொன்னேன். எலும்பு கழுவியது தகப்பன். அவர் இப்போது இல்லை. ஹுவாங் அக்காவுக்குத் தெரியாது.

"நீங்கள் ஒரு கை அள்ளினால், அதில் வேறொருவரின் சகோதரரும் வருவார்" என்று போன் சொன்னது. "அவரைத் தேடி அவர்கள் வந்தால் நான் என்ன சொல்வேன்?"

அது சரி என்று எனக்குப் பட்டது. துணியைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

ஹுவாங் அக்கா அண்ணையின் பெயர் கேட்டார். தெய்வேந்திரன் என்றேன். "தே... வென்..." என்றார். மறுபடியும் முயன்றார். வரவில்லை. ஆரணி துண்டு துண்டாகச் சொல்லிக் கொடுத்தாள். அவர் தன் வாயைத் தானே தட்டிக்கொண்டு சிரித்தார். ஆரணியும் சிரித்தாள். "ஆன்டி, இட்ஸ் ஓகே" என்றாள்.

கடையில் பச்சரிசி வாங்கினேன். வாய்க்கரிசி. வாய் இல்லை. கிண்ணத்தில் போட்டேன். மூன்று முறை. ஆரணியும் போட்டாள். கடல் அன்றைக்கு அமைதி. எஞ்சின் சத்தம் ஒன்றும் இல்லை.

திரும்பி வந்து அந்தியேட்டி செய்தேன். ஐயர், அண்ணை இறந்த திகதியைக் கேட்டார். ஐப்பசி என்றேன். இடம் கேட்டார். சொன்னேன். "அப்ப இது போர்ச் சாவு இல்லையே" என்றார். விபத்து என்றார். நல்ல மனிதர். தெரியாமல் சொன்னார். உங்களுக்குச் சொல்கிறேன். யாரும் கேட்டால் நீங்கள் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் போனவை இவை.

மயிலிட்டியில் இரண்டு அறை வீடு. கிணறு. ஒரு வள்ளம். வலைகள். ஐயாவின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

எங்கள் வீட்டில் போனவர்கள் இவர்கள்.

அம்மா. பெயர் இராசம்மா. மயிலிட்டிக் கடற்கரை மணலில்.

தங்கச்சி வதனி. பதினொரு வயது. அதே மணலில்.

அண்ணை தெய்வேந்திரன். ஷெல் பட்டது 1990 இல், மயிலிட்டியில். இறந்தது 1997 இல், சுவான்சோக் கடலில். பெயர் தெரியாத மற்றவர்களோடு இருக்கிறார்.

கவின், மூன்று என்று எழுது.